எஃபி மன்கரின் காது

பிட்கார்வி ஊரில் ஒருவர் பெருமையை இன்னொருவர் பொறுத்துக்கொள்வது கிடையாது. கோப்பை வென்று வந்தவனைக்கூட, "உங்க தாத்தா மீன் கூடை தூக்கினவர்தானே" என்று முதலில் தரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் கை குலுக்குவார்கள். அப்படிப்பட்ட ஊர் ஒருமனதாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது எஃபி மன்கரின் காதை மட்டும்தான்.

எஃபி அங்கே ஸ்டார்ட்டர். கடலோரக் கோல்ஃப் புல்திடலில், முதல் குழியை நோக்கிப் பந்து அடிக்கும் மேடைக்கு நாலெட்டுத் தள்ளி ஒரு மரக்குடில். அதற்குள் உட்கார்ந்து ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முறைப்படி அனுப்பி வைக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட கொம்பனும் அவள் "ம், அடிங்க" என்று சொன்ன பிறகுதான் மட்டையை ஓங்க முடியும். குடிலின் ஜன்னல் மேடையைப் பார்த்திருந்தது. பந்து போகும் வெளி அதிலிருந்து தெரியாது. எஃபிக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை. அடி விழுந்த சத்தத்தை வைத்தே, தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமல், "இடது பக்கம், முள்செடிக்குள்ள. பழைய பந்துன்னா தேடிக் கையைக் கிழிச்சுக்காதீங்க" என்பாள். போய்ப் பார்த்தால் பந்து முள்செடிக்குள்தான் கிடக்கும்.

மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து ஒரு பக்கம் தட்டையாக நசுங்கி, மறுபடி உருண்டையாகித் தெறித்துப் போய்விடும். அத்தனையும் முடிந்த பிறகுதான் நமக்குச் சத்தம் கேட்கிறது. அதுவும் பெரும்பாலும் பந்தின் சத்தம் இல்லை, அடிபட்ட மட்டை நடுங்குகிற சத்தம். நடுவில் பட்டால் ஒரு மாதிரி நடுங்கும், ஓரத்தில் பட்டால் வேறு மாதிரி நடுங்கும். இந்த விவரமெல்லாம் எஃபிக்குத் தெரியாது. வாணலியில் கடுகு வெடிப்பதை அடுத்த அறையிலிருந்தே கேட்டுச் சொல்கிறவர்கள் இல்லையா, அந்த மாதிரி அவளுக்கு அது வந்துவிட்டது.

ஊரே அப்படித்தான், கொஞ்சம் முன்னே பின்னே. அதற்குக் காரணம் மீன் சந்து. மேடையிலிருந்து ஒரு நல்ல அடி போய் விழுகிற தூரத்தில் அது திடலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிறது. கோல்ஃப் வருவதற்கு முன்பே மீன்காரிகள் கூடையோடு நடந்த பாதை. அதனால் அதில் நடப்பவரை நிறுத்த எவருக்கும் உரிமை கிடையாது. ஆடுகிறவரை நிறுத்த எவருக்கும் மனசு கிடையாது. அடி கேட்டால் சந்து வாயில் உள்ள இடுப்பளவு கல்சுவரோடு ஒட்டி நிற்பார்கள். வெளிநடுவில் கேட்டால் தலையைக் கையால் பொத்திக்கொண்டு குந்திக்கொள்வார்கள். பந்து விழுந்தது கேட்டதும் எழுந்து நடப்பார்கள். பந்தைவிடச் சத்தம் வேகமாக வந்துவிடும். நடுவே நாலைந்து நொடி கிடைக்கும், அது போதும்.

மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடப்பது வெளியூர்க்காரர் செய்கிற வேலை. உள்ளூர்க்காரர் அப்படிச் செய்தால் மானம் போய்விடும். அதேபோல, சந்தில் போவது உள்ளூர் ஆள் என்று தெரிந்தால் மேடையில் நிற்பவரும் எச்சரிக்கையாக "ஃபோர்" என்று கத்த மாட்டார். கத்தினால், "ஏன், என் காதுல பஞ்சு அடைச்சிருக்குன்னு நெனச்சியா?" என்று சாயங்காலம் மதுக்கடையில் சண்டைக்கு வருவார்கள்.

புது நூற்றாண்டு பிறந்த கையோடு டைட்டேனிய மட்டைகள் வந்தன. ஆள் தலை அளவுக்கு ஒரு தலை, உள்ளே வெறும் காற்று, முன்னால் காசு கனத்தில் ஒரு தகடு. பந்து பட்டதும் அந்தத் தகடு குழிந்து, உதறிக்கொண்டு எழும்பும். பந்து முன்னைவிடத் தூரம் போயிற்று. பழைய மர மட்டை "டொக்" என்றது. இது துப்பாக்கி வெடித்த மாதிரி, நுனியில் மணியோசை கலந்த ஒரு வெடி. மேடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மனு எழுதினார்கள். எஃபிக்கோ அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்துவிட்டது. "இதுக்குப் பேர்தான் அடி" என்று ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து மாலை வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாள், வருஷக்கணக்காக.

அந்த வருஷங்களில்தான் எஃபிக்கு உலகத்தின் மேல் குறைகள் பெருகின. யாருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை, பெயரைக் கேட்டால் முணுமுணுக்கிறார்கள். பாதிரியார் பிரசங்கத்தை மென்று விழுங்குகிறார். கெட்டில் விசில் அடிக்கவில்லை என்று புதுசு வாங்கினாள், அதுவும் அடிக்கவில்லை. கடைக்காரனைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினாள். கடைசியில் புல்திடலைப் பராமரிக்கும் டாஷிடம் போய் நின்றாள்.

"மருந்தடிச்சு மருந்தடிச்சு வானம்பாடி அத்தனையும் கொன்னுட்டீங்களேய்யா. போன வசந்தத்துலயும் ஒண்ணு கூடக் கத்தல. இந்த வசந்தத்துலயும் இல்ல. உனக்கெல்லாம் புல்லு மட்டும் பச்சையா இருந்தாப் போதும்."

டாஷ் ஒருமுறை வானத்தைப் பார்த்தான். பிறகு எஃபியைப் பார்த்தான். வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு, "சரி எஃபி, பார்க்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். குற்றம் செய்தவன் முழிப்பது இப்படித்தான் என்று எஃபி வீட்டில் வந்து சொன்னாள். அவள் கணவன் டூகல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தான்.

டூகல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஊரிலேயே வாய் குறைந்த ஆள்; எஃபி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அவனுக்குத் தேவை ஏற்பட்டதில்லை. ஓய்வு பெற்றதும் வீட்டோடு கிடந்தவன், ஒருநாள் முதல் மாலையானால் குடிலுக்கு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினான். எஃபிக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வெளியே, "வீட்ல பொழுது போகலன்னு என் உயிரை எடுக்க வர்றான்" என்றாள்.

அவனோடு நடப்பதில் ஒரே ஒரு தொல்லை. மீன் சந்து வாய்க்கு வந்ததும் அவனுக்கு ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். "இரு, எஃபி" என்பான். கல்சுவரின் அடிக்கல்லில் ஒரு காலைத் தூக்கி வைத்து, குனிந்து, தலையை மேடைப் பக்கம் சாய்த்தபடி சாவகாசமாகக் கட்டுவான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். கட்டி முடித்ததும், "ம், போலாம்" என்பான். நாள் தவறாமல் இதே கூத்து. லேஸ் இல்லாத ஷூ ஒன்றைக் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தாள். அதைப் பெட்டியிலிருந்து அவன் எடுக்கவே இல்லை.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. மாலையாகியும் நல்ல வெயில். குடிலைப் பூட்டிவிட்டால் அதற்குப் பிறகு திடல் உள்ளூர்க்காரர்களுக்கு. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. எஃபியும் டூகலும் மீன் சந்துக்கு வந்தபோது, டென்மார்க்கிலிருந்து வந்த கணவன் மனைவி இருவர் சந்து வாயில் நின்று மேடையைப் பார்ப்பதும் கால் வைப்பதும் பின்வாங்குவதுமாக இருந்தார்கள்.

"வாங்க, பயப்படாதீங்க," என்றாள் எஃபி. "காது இருக்குல்ல? அடி விழுந்தாத் தன்னால கேக்கும்."

"இரு, எஃபி," என்று டூகல் சுவரில் காலை வைத்தான்.

எஃபிக்கு வெளியூர்க்காரர் முன்னால் வெட்கமாகப் போய்விட்டது. "இதோ பாருங்க, எங்க ஊர் சிங்கம். அறுபது வருஷமா இதே சந்துல நடக்கறார், இன்னும் ஷூ கட்டத் தெரியல," என்றாள். "ஏன்யா, பந்துக்குப் பயந்துக்கிட்டுத்தானே குனியற? நேராச் சொல்லேன்."

டென்மார்க்காரர்கள் சிரித்தார்கள். டூகலுக்குக் காது மடல் சிவந்தது. ஆனால் காலை எடுக்கவில்லை.

"நீ கட்டிட்டு மெதுவா வா. எனக்குச் சூப்பு வைக்கணும்," என்று எஃபி நடந்துவிட்டாள்.

வெளியின் நடுவுக்கு வந்திருப்பாள். முதுகில் பலமாக ஒரு தள்ளல். முழங்கால் புல்லில் இடிக்க விழுந்தாள். "என்னய்யா இது, பொது இடத்துல..." என்று கோபமாகத் திரும்பினாள். டூகல் அவளுக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடந்தான். தொப்பி ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். இடது கண்ணுக்கு மேலே நெற்றி உள்ளே போயிருந்தது.

எஃபி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். டென்மார்க்காரி ஓடி வந்தாள். யாரோ ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். எஃபியின் மனதில் ஒரே ஒரு எண்ணம் முள்ளாக நின்றது: சத்தம் வரவே இல்லையே.

பக்கத்து நகரமான டண்டீயின் ஆஸ்பத்திரியில் டூகலின் மண்டை ஓட்டைத் திறந்து, உறைந்த ரத்தத்தை எடுத்து, அவனை மருந்தில் தூங்க வைத்தார்கள். கண் திறப்பானா என்று கேட்டதற்கு, பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். எஃபி நடைபாதையில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அதையே சொன்னாள்.

"சத்தமே இல்ல. மேடையிலிருந்து அடிச்சிருந்தா எனக்குக் கேக்காமப் போயிருக்குமா?"

எஃபிக்குக் கேட்கவில்லை என்றால் அடி மேடையிலிருந்து விழவில்லை. ஊருக்கு அதில் சந்தேகமே எழவில்லை. பந்து குழாய் வேலை பார்க்கும் ஆர்ச்சி கோ என்பவனுடையது. அதில் அடையாளத்துக்கு அவன் போட்ட பச்சைப் புள்ளி இருந்தது. அப்படியானால் அந்தப் பாவி மணல்மேட்டுக்குப் பின்னால் திருட்டுத்தனமாகப் பக்கத்தில் நின்று சின்ன மட்டையால் தட்டியிருக்கிறான். தங்கள் காதாலேயே அந்த வெடியைக் கேட்டவர்கள்கூட, அது வேறு யாரோ அடித்தது என்று தங்களுக்கே சொல்லிக்கொண்டார்கள். அன்று மதுக்கடையில் ஆர்ச்சி உட்கார்ந்த மேசையிலிருந்து எல்லாரும் எழுந்து போனார்கள்.

மறுநாள் ஞாயிறு. டூகலின் மாற்றுத் துணி எடுக்க எஃபி வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஆர்ச்சி நின்றான். கையில் அந்தப் பெரிய மட்டை. அழுது வீங்கிய முகம்.

"நான் மேடையிலிருந்துதான் அடிச்சேன், எஃபி. சத்தியமா."

"பொய் சொல்லாத. சத்தம் எங்க போச்சு?"

"தேவாலயம் வரைக்கும் கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கல."

"உங்களைப் பார்த்துட்டுத்தான் அடிச்சேன்." அவன் மட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "வேற யாராவது இருந்தாக் கத்தியிருப்பேன். எஃபிதானே போறாங்க, அவங்களுக்கா தெரியாதுன்னு கத்தல. கத்தியிருக்கணும். என்னைச் செருப்பால அடிங்க. ஆனா திருட்டுத்தனமா அடிச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க."

எஃபிக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இந்த மட்டைதானே? அடி. என் பக்கத்துல நின்னு இப்ப அடி."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, எஃபி."

பிட்கார்வி திடலில் ஞாயிற்றுக்கிழமை பந்து விழுவதில்லை. அன்று அது நாய்களுக்கும் குழந்தைகளுக்கும் போர்வை உலர்த்துகிறவர்களுக்கும் சொந்தம். உலகப் போரின்போதும் அந்த வழக்கம் மாறியதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள்.

"அடின்னா அடி," என்றாள் எஃபி.

அவன் யாருமில்லாத கடல் பக்கமாகத் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மட்டையை ஓங்கி வீசினான். எஃபி கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றாள். தலையணையை யாரோ தட்டிய மாதிரி ஒரு "தொப்". பந்து தண்ணீருக்கு மேலே சிறுத்துக்கொண்டே போயிற்று.

"இவ்வளவுதானா?" என்று கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள். அப்போது தேவாலயப் பக்கம் கண் போயிற்று. ஆராதனை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்று, ஒன்றுபோல அவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதது. கூரையில் இருந்த கடற்பறவைகள் அத்தனையும் மேலே கிளம்பியிருந்தன. கடலோர வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரைச்சீலை விலகியது.

எஃபி ஆர்ச்சியின் பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணு," என்றாள். ஆர்ச்சி இன்னொன்று அடித்தான். அதே "தொப்". மூன்றாவது அடிக்கு அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒன்றுமே கேட்காததால், அடித்துவிட்டானா இல்லையா என்று கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. இத்தனை நாளும் குடில் ஜன்னலில் கண் பார்த்ததைத்தான் காது கேட்டதாக நினைத்திருந்தாள். அவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், பயத்தோடு.

அவள் தேவாலய வாசலுக்கு நடந்தே போனாள். அங்கே நின்ற ஊர்க்காரர்களிடம், "ஆர்ச்சி மேடையிலிருந்துதான் அடிச்சான். எனக்குத்தான் கேக்கல," என்றாள். அவளுடைய காதைவிட அவளுடைய வாயை நம்புவது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

திங்களன்று அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் காதுப் பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் ஓர் இளம்பெண். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். முதலில் கனமாகச் சில ஒலிகள் வந்தன, எஃபி அழுத்தினாள். பிறகு அவள் காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்து, கண்ணாடியைத் தட்டினாள்.

"என்னம்மா, மிஷின் நின்னு போச்சா?"

"இல்ல, மிஸஸ் மன்கர்," என்றாள் அந்தப் பெண், வாயை நன்றாகத் திறந்து. "இவ்வளவு நேரமும் ஓடிக்கிட்டேதான் இருக்கு."

உள்காதில் மயிரிழை மாதிரி சில உயிரணுக்கள் உண்டு. பெரிய வெடிச்சத்தம் அவற்றைச் சாய்த்துவிடும். சாய்ந்தது திரும்ப முளைக்காது என்று அவள் விளக்கினாள். முதலில் போவது உச்ச ஸ்தாயி. புது மட்டைகளின் சத்தம் ஒலிப்பதும் அங்கேதான். எந்தச் சத்தத்தை ஆசையாகக் கேட்டாளோ அதுவே அவள் காதில் தன் இடத்தைச் சுட்டுவிட்டுப் போயிருந்தது.

"கனமான சத்தமெல்லாம் நல்லாக் கேக்கறதால நமக்கே தெரியாது. கூட இருக்கறவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"அவனா? அவன் எதைத்தான் சொல்லியிருக்கான்," என்றாள் எஃபி.

டூகல் கண் திறந்தபோது வாரம் பாதி கடந்திருந்தது. திறந்தது வலது கண் மட்டும். இடது கண்ணில் இனி பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். எஃபி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தாள். ஒன்றும் வாயில் நிற்கவில்லை.

"எனக்குக் காது போயிடுச்சு, டூகல். அந்த அடி எனக்குக் கேக்கல. ஒன்னைக் கொன்னுருப்பேன்."

"தெரியும்," என்றான்.

"எது தெரியும்?"

"காது." உதடு உலர்ந்திருந்தது. அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினான். இரண்டு வருஷமாக அவன் இப்படித்தான் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசுகிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "டாஷ் வந்து சொன்னான். வானம்பாடியைக் கொன்னுட்டேன்னு நீ அவன்கிட்ட சண்டை போட்டியே, அப்ப அது அவன் தலைக்கு மேலயே நின்னு கத்திக்கிட்டிருந்துச்சாம். அவனுக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

அன்று டாஷ் அண்ணாந்து பார்த்த வானம் அவள் கண்முன் வந்து நின்றது. அத்தனை வசந்தமும் அது கத்தியிருக்கிறது.

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா அன்னிக்கே போய் குடில் சாவியைக் குடுத்துடுவே. அப்புறம் நீ சமையல்கட்டுல உக்காந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டிருப்பே. என்னால அதைப் பார்க்க முடியாது." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "நானே வந்து கூட்டிட்டுப் போயிடலாம்னு பார்த்தேன்."

அவளுக்கு முதுகில் விழுந்த அந்தத் தள்ளல் நினைவுக்கு வந்தது. அவனுக்கு அடி கேட்டிருக்கிறது. சுவரோரம்தான் நின்றிருக்கிறான். தான் தப்ப, அங்கேயே குனிந்திருந்தால் போதும்.

கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் அவன் ஷூ இருந்தது. அன்று ஆம்புலன்ஸில் கழற்றி யாரோ போட்டு வைத்தது. ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்ததால் எஃபி அதை எடுத்து மடியில் வைத்தாள். லேஸ் இரட்டை முடிச்சாக இறுகியிருந்தது. பிரிக்க நகத்தால் முயன்றாள், வரவில்லை. பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே அவன் காலையில் போடுகிற முடிச்சு அது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"அது ஒரு நாளும் அவுந்ததில்ல, எஃபி," என்றான் டூகல்.